பழைய மாஸியில் லிப்ட் தூக்கவில்லையா? பம்பைக் குறை சொல்லும் முன்

மாஸி பெர்குசன் 35, 1035 போன்ற பழைய டிராக்டர்களில் பின்னால் மாட்டிய கலப்பை எழவில்லை என்றதும், லிப்டுக்கு ஆயில் அழுத்தம் தரும் பம்ப் போய்விட்டது என்று லிப்ட் கவரை (லிப்டின் மேல் மூடியை) கழற்றுவதுதான் அதிகம் செலவு வைக்கும் தவறு. பம்ப் கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள நடுக் கூட்டுக்குள் ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. அதைச் சுழற்றுவது பி.டி.ஓ. தண்டு, அதாவது என்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிகளுக்குக் கொண்டுபோகும் தண்டு. பி.டி.ஓ. லிவர் நியூட்ரலில் இருந்தால் புதுப் பம்பும் தூக்காது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் பம்ப் நின்றுவிடும். வரப்போரம் திரும்பும்போது மட்டும் லிப்ட் மக்கர் செய்தால், முதலில் உங்கள் இடது காலைப் பாருங்கள்.

இரண்டு ஹைட்ராலிக் லிவர்களையும் ஒன்றாகப் போட்டு ஆட்டுவது அடுத்த தவறு. பொசிஷன் லிவர் கருவியின் உயரத்தை வைப்பது; டிராப்ட் லிவர் மண்ணின் இழுப்புக்கு ஏற்ப உழும் ஆழத்தைச் சரிசெய்வது. பொசிஷன் லிவரால் கருவியை ஏற்றி இறக்கும்போது டிராப்ட் லிவர் மேலே இருக்க வேண்டும். டிராப்டில் உழும்போது பொசிஷன் லிவர் 'டிரான்ஸ்போர்ட்' என்று குறித்த நிலையில் இருக்க வேண்டும்.

ஆயிலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சமதளத்தில், என்ஜினை நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கிவிட்டு அளவு பாருங்கள். குறைந்திருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். லிப்ட் வெட்டி வெட்டி ஏறும். இந்தப் பம்பில் கட்டுப்பாட்டு வால்வு உறிஞ்சும் பக்கம் இருக்கிறது. கையில் கிடைத்த கெட்டி ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த காலையில் போதுமான ஆயில் பம்புக்குள் போகாது. கையேட்டில் சொன்ன தரத்தையே ஊற்றுங்கள். ஆயில் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கியர் லிவர் ரப்பர் கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். சேற்றுழவில் சீல் வழியாகவும் வரலாம். ரப்பரை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கே மறுபடி பால்தான்.

தூக்கிய கருவி என்ஜின் நின்றதும் சட்டென இறங்கினாலோ, ஓடும்போது லிப்ட் கைகள் தலையாட்டுவதுபோல் ஏறி இறங்கினாலோ, உள்ளே எங்கோ ஆயில் கசிகிறது. பிஸ்டன் ரிங், ஸ்டாண்ட் பைப் (பம்பிலிருந்து லிப்டுக்கு ஆயிலை மேலேற்றும் குழாய்) ஓ-ரிங், பம்ப் வால்வு என மூன்றையும் சந்தேகிக்க வேண்டும். பக்க மூடியைத் திறந்து கசியும் இடத்தைக் கண்டறிந்த பிறகே உதிரிபாகம் வாங்குங்கள். ஓ-ரிங் விலைக்கும் பம்ப் விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. உழும்போது ஆழம் நிலைக்காவிட்டால் டாப் லிங்க் (கருவியின் மேல் பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாட்டும் கிளெவிஸை, அதாவது வண்டிப் பக்க இணைப்பை, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அது ஆடினால் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

லிப்ட் கவரைத் திரும்ப இறக்கும்போது பக்கத் துவாரத்தில் டார்ச் அடித்துக்கொண்டே இறக்குங்கள். கவரிலிருந்து தொங்கும் கட்டுப்பாட்டு லிவர் முனைகள் பம்பில் உள்ள உருளைகளுக்குத் தவறான பக்கம் உட்கார்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியதுதான். தூக்கிய கருவிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. வெளிக்குழாயில் கசிவு தேட விரலை வைக்காதீர்கள், அட்டையை நீட்டிப் பாருங்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.