கடற்கரைப் புலி வண்டைப் பார்ப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் மேரிலாந்து, வர்ஜீனியா பக்கம் இருக்கிறீர்களா? செசபீக் விரிகுடாவின் மணல் கரைக்குப் போங்கள். வடகிழக்குக் கடற்கரைப் புலி வண்டு அதிகம் மிஞ்சியிருப்பது அங்கேதான். 1990 முதல் சட்டப் பாதுகாப்பில் உள்ள இனம், பிடிக்கக் கூடாது, பார்க்கலாம்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் கடைசி அல்லது ஜூலை, நல்ல வெயில். மேகம் மூடினால் கண்ணில் படுவது குறைவு.

அடுத்து, அலை நனைத்த ஈர மணலைப் பாருங்கள். 13 முதல் 15 மில்லிமீட்டர் நீளத்தில், வெளிறிய முதுகோடு ஒன்று ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். அந்த வேகத்தில் அதற்கு இரை சரியாகத் தெரியாது, அதனால்தான் நின்று நின்று பார்த்துத் துரத்துகிறது; வழியில் எதிலும் மோதாமல் இருக்க உணர்கொம்புகளை முன்னால் விறைப்பாக நீட்டிக்கொண்டே ஓடும்.

கிட்டே போக அவசரப்படாதீர்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல், குனிந்து மெதுவாக நகருங்கள். பறந்துவிட்டதா? பரவாயில்லை, கொஞ்ச தூரத்திலேயே இறங்கும், அது இறங்கும் இடத்தில் கண் வையுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரையில் கொஞ்சம் மேலே, பென்சிலைவிடச் சன்னமான வட்டத் துளைகளைத் தேடுங்கள். அவற்றில்தான் இந்த வண்டின் இளம் பருவமான புழு இருக்கிறது. தட்டையான தலையால் வாசலை அடைத்துக்கொண்டு காத்திருக்கும், பூச்சி ஏதாவது பக்கத்தில் வந்தால் பாய்ந்து பிடித்து உள்ளே இழுக்கும், அந்தப் பூச்சி எவ்வளவு திமிறினாலும் புழுவை வெளியே இழுக்க முடியாது, ஏனென்றால் அதன் முதுகுத் திமிலில் உள்ள கொக்கிகள் துளையின் சுவரைப் பற்றியிருக்கும். நீங்கள் நெருங்கினால் உள்ளே இறங்கிவிடும், அசையாமல் உட்கார்ந்தால் மறுபடி மேலே வரும். வண்டாக வெயிலில் ஓடுவது ஒரே கோடைதான், அதற்கு முன்னால் சுமார் 2 ஆண்டுகள் இந்தத் துளைதான் வீடு.

அதனால் தயவுசெய்து மணலில் வண்டி ஓட்டாதீர்கள். ஒருகாலத்தில் மாசசூசெட்ஸ் முதல் நியூ ஜெர்சி வரை கூட்டம் கூட்டமாக இருந்த இந்த இனம் அங்கே பெரும்பாலான கரைகளிலிருந்து மறைந்ததற்கு சக்கரங்களும் நெரிசலும் முக்கியக் காரணம். நடக்கும்போதும் துளைகளை ஒட்டி மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். இனத்தை அடையாளம் காண முதுகில் உள்ள கோடுகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.