வெளிநாட்டு எண்ணுக்கு இணையம் வழியே குறைந்த செலவில் பேசுவது எப்படி?

செயலி எதையும் தரவிறக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். நீங்கள் அழைக்கப்போகிறவரிடம் இணைய வசதியுள்ள கைபேசி இருக்கிறதா? இருந்தால் அழைப்புக்குக் காசே வேண்டாம். இல்லையென்றால் கொஞ்சம் செலவாகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள்.

வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம், வைபர் போன்றவற்றில் இரண்டு பக்கமும் ஒரே செயலி இருந்தால் போதும். குரல் முழுக்க இணையத்திலேயே பயணிப்பதால், இணையத்துக்கு நீங்கள் கட்டும் பணத்தைத் தவிர வேறு செலவில்லை. ஆனால் வங்கி, விடுதி, அலுவலகம், பாட்டி வீட்டு லேண்ட்லைன் ஆகியவற்றில் பெரும்பாலும் வாட்ஸ்அப் இருக்காது. வாட்ஸ்அப் இல்லாத எண்ணுக்கு வாட்ஸ்அப்பிலிருந்து அழைக்க வழி கிடையாது. அதற்கு 'வைபர் அவுட்', ரெப்டெல், யோல்லா போன்ற கட்டணச் சேவை வேண்டும். ஒரு காலத்தில் இந்த வேலைக்கு எல்லோரும் சொன்ன பெயர் ஸ்கைப். 2003-இல் வந்த அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. பழைய கட்டுரைகள் இன்னும் அதையே பரிந்துரைத்தால் ஏமாறாதீர்கள்.

கட்டணச் சேவையில் உங்கள் குரல் இணையம் வழியே போய், பிறகு அந்த நாட்டின் சாதாரணத் தொலைபேசி வலையமைப்பில் இறங்குகிறது. அந்தக் கடைசித் தூரத்துக்கு உள்ளூர் நிறுவனம் வாங்கும் கூலியைத்தான் பெரும்பாலும் நீங்கள் கட்டுகிறீர்கள். பல நாடுகளில் லேண்ட்லைனுக்கு ஒரு விலை, கைபேசிக்கு அதைவிடக் கூடுதலான விலை என்று இருப்பதற்குக் காரணம் இதுவே.

படி 1: செயலியை நிறுவுதல்

கைபேசியின் அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டும் தரவிறக்குங்கள். உங்கள் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு கொடுத்தால் எஸ்எம்எஸ்ஸில் ஒரு குறியீடு வரும். அதை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. அது கைமாறினால் உங்கள் கணக்கே கைமாறும். மைக்ரோஃபோனுக்கு அனுமதி கேட்கும்போது கொடுத்துவிடுங்கள். மறுத்துவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருப்பார்.

படி 2: எண்ணைச் சரியாக எழுதுதல்

தொடக்கத்தில் கூட்டல் குறி, அடுத்து நாட்டுக் குறியீடு, அதன் பின் எண். கூட்டல் குறி வேண்டுமென்றால் பூஜ்ஜியப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்நாட்டில் எண்ணுக்கு முன்னால் போடும் பூஜ்ஜியத்தைப் பெரும்பாலான நாடுகளில் நீக்கிவிட வேண்டும். லண்டனில் 020 7946 0123 என்று எழுதுவதை வெளியிலிருந்து +44 20 7946 0123 என்று அழைக்க வேண்டும். (நாடகங்களில் காட்டுவதற்கென்றே பிரிட்டன் ஒதுக்கி வைத்திருக்கும் வரிசையில் உள்ள எண் இது. யார் தூக்கத்தையும் கெடுக்காது.) இத்தாலி ஒரு வீம்பு பிடித்த விதிவிலக்கு: அங்கே லேண்ட்லைன் எண்ணின் பூஜ்ஜியத்தை நீக்கக் கூடாது. நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எந்த எண்ணும் 15 இலக்கங்களைத் தாண்டாது. தாண்டினால் எங்கோ தவறு.

தொடர்புப் பட்டியலில் எல்லா எண்களையும் இப்படியே கூட்டல் குறியோடு சேமித்துவிட்டால், நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் மாற்ற வேண்டியிருக்காது.

படி 3: முதலில் இலவச அழைப்பு

வைஃபையில் இருந்தபடி, செயலியைத் திறந்து, நீங்கள் பேசப்போகிறவருடைய உரையாடலுக்குள் போய், மேலே உள்ள தொலைபேசிச் சின்னத்தைத் தொடுங்கள். நான் ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் அக்காவிடம் செயலியில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கைபேசியின் தொடர்புப் பட்டியலில் இருந்த பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் பேசி முடித்தோம். மாதக் கடைசியில் பில் வந்தபோதுதான் அது சாதாரணச் சர்வதேச அழைப்பு என்று தெரிந்தது. குரல் தெளிவாக இருக்கிறதே என்று நடுவில் மகிழ்ந்துகூட இருந்தேன். அழைப்பு ஒலிக்கும்போது திரையில் செயலியின் பெயர் தெரிகிறதா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவது இப்போது என் வழக்கம்.

படி 4: கட்டண அழைப்பு

செயலியின் கட்டணப் பட்டியலில் நாட்டின் பெயரைத் தேடுங்கள். லேண்ட்லைன், கைபேசி இரண்டுக்கும் தனித்தனி விலை இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அநேகமாக லேண்ட்லைன் விலைதான்.

அடுத்து, நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று படியுங்கள். பல சேவைகள் முழு நிமிடமாகவே எண்ணும். ஒரு நிமிடம் ஐந்து வினாடி பேசினால் இரண்டு நிமிடக் காசு. அப்படிப் பத்து அழைப்பு பேசினால், உண்மையில் பேசியது 10 நிமிடம் 50 வினாடி. கட்டணம் 20 நிமிடத்துக்கு. சில சேவைகள் இணைப்புக் கட்டணம் என்று ஒன்றையும் ஒவ்வொரு அழைப்பிலும் சேர்க்கும். ஆகவே துண்டு துண்டாக அழைப்பவருக்கு, நிமிட விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் வினாடிக் கணக்குச் சேவையே லாபம்.

முதல் முறை மிகச் சிறிய தொகையை மட்டும் போடுங்கள். போட்ட தொகைக்குக் காலக்கெடு உண்டா என்று பாருங்கள். மாதத் திட்டம் எடுத்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள். 'வரம்பற்ற' என்ற சொல்லை நம்புவதற்கு முன் நிபந்தனைகளைப் படிப்பது நல்லது. வரம்பு பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எதிர்முனையில் உங்கள் எண் தெரியாமல், யாரோ அறியாதவர் அழைப்பதுபோலத் தோன்றலாம். எடுக்காமல் விட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் எண்ணையே காட்டும் அமைப்பு செயலியில் உண்டா என்று தேடிப் பாருங்கள். இதே விஷயம் மறுபக்கமும் பொருந்தும். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் திருப்பி அழைக்க வேண்டாம். கட்டணம் அதிகமான எண்ணுக்கு நம்மை அழைக்க வைக்கும் பழைய மோசடி இது. ஜப்பானியர்கள் 'வன்கிரி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு மணி அடித்து வெட்டுவது என்று பொருள்.

குரல் சரியில்லையென்றால்

பேச்சுக்கு அதிக இணையம் தேவையில்லை. இரு திசையிலும் வினாடிக்கு 32 கிலோபிட் வீதம் போனால், ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட் அளவே ஆகும். வீடியோவை இயக்கினால்தான் அது பல மடங்காகப் பெருகும். வேகத்தைவிடத் தாமதமே தொல்லை. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச்சேர 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அதைவிட வெகுவாகக் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள். வைஃபை கருவிக்கு அருகே போங்கள். அதே இணைப்பில் ஓடும் பெரிய தரவிறக்கங்களை நிறுத்துங்கள்.

உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலித்தால் உங்கள் கைபேசியைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் எதிர்முனையின் ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் குரல் அவருடைய மைக்ரோஃபோனுக்குள் மறுபடி நுழைகிறது. இயர்ஃபோன் மாட்டச் சொல்லுங்கள், தீர்ந்துவிடும்.

பயணம் போகிறவர்களுக்கு

ரோமிங் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் பேசுங்கள். அங்கே புது சிம் வாங்கினாலும் வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே வேலை செய்யும்; எண்ணை மாற்ற வேண்டியதில்லை. போகும் நாட்டின் விதியை முன்பே பார்த்துவிடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைய அழைப்புக்கு அனுமதி பெற்ற செயலிகளையே பயன்படுத்த வேண்டும். சீனாவில் வாட்ஸ்அப் முடக்கப்பட்டிருக்கிறது. ஆம்புலன்ஸ், போலீஸ் போன்ற அவசர எண்களுக்கு இந்தச் செயலிகளை நம்பக் கூடாது. சாதாரண அழைப்பையே பயன்படுத்துங்கள்.

கட்டண அழைப்பில் பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானை நீங்களே அழுத்துங்கள். எதிர்முனையில் ரிசீவரைச் சரியாக வைக்காமல் பாட்டி அடுப்படிக்குப் போய்விட்டால், அங்கே பாத்திரம் உருளும் சத்தத்துக்கும் நிமிடக் கணக்கில் காசு போகும்.