ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஒன்டிரைவ், டிராப்பாக்ஸைத் தடுக்கும் முன்னும் பின்னும்

மேலிடத்திலிருந்து "கிளவுட் ஸ்டோரேஜ் எதுவும் ஓடக்கூடாது" என்று சொல் வந்ததும் குரூப் பாலிசியை (எல்லா மெஷின்களின் செட்டிங்ஸையும் ஒரே இடத்திலிருந்து மாற்றும் விண்டோஸ் வசதி) திறந்து எல்லா மெஷினுக்கும் ஒரே நாளில் தடை போட்டுவிடாதீர்கள். முதலில் யாருடைய ஃபைல் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இதைப் பார்க்காமல் தடை போட்டோம். மறுநாள் கணக்குப் பிரிவு அக்கா டெஸ்க்டாப்பில் இருந்த எக்செல் ஃபைலைத் திறக்கப் பார்க்கிறார், திறக்கவில்லை. பக்கத்தில் சின்ன மேகக் குறி. அவருடைய டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அவருக்கே தெரியாமல் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருந்தன, மெஷினில் இருந்தது வெறும் பெயர்தான். அன்று 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். தடையை எடுத்துவிட்டு, ஃபைல்கள் இறங்கி முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதனால் ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள், எல்லாவற்றிலும் பச்சை டிக் வந்தபிறகு ஃபைல் சர்வரில் ஒரு நகல் எடுங்கள், அப்புறம் ஒன்டிரைவ் செட்டிங்ஸில் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்துங்கள்.

இனி பாலிசி. புதிதாக ஒரு ஜிபிஓ (GPO, பாலிசிகளின் தொகுப்பு) உருவாக்கி, இரண்டு மூன்று மெஷின்கள் மட்டும் உள்ள சோதனை ஓயுவில் (OU, டொமைனில் மெஷின்களைப் பிரித்து வைக்கும் குழு) இணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், ஒன்டிரைவ் என்று போனால் 'பிரிவென்ட் தி யூசேஜ் ஆஃப் ஒன்டிரைவ் ஃபார் ஃபைல் ஸ்டோரேஜ்' இருக்கும். பெயரே 'தடு' என்று தொடங்குவதால் எனேபிள் கொடுத்தால்தான் தடை. அவசரத்தில் டிஸேபிள் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு.

கம்பெனிக்கே மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால் இந்த முழுத் தடை வேண்டாம். ஒன்டிரைவ் நிறுவப்பட்ட ஃபோல்டரில், வெர்ஷன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டருக்குள் 'adm' என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள டெம்ப்ளேட் ஃபைல்களை டொமைனின் சிஸ்வாலில் (SYSVOL, டொமைன் சர்வரில் உள்ள பொது ஃபோல்டர்) பாலிசி டெஃபினிஷன்ஸ் ஃபோல்டரில் போட்டால் கூடுதல் பாலிசிகள் தெரியும். குறிப்பிட்ட நிறுவனக் கணக்குகளை மட்டும் சின்க் செய்ய அனுமதிக்கும் பாலிசியில் உங்கள் டெனன்ட் ஐடியை (மைக்ரோசாஃப்ட் 365இல் உங்கள் கம்பெனியின் அடையாள எண்) கொடுங்கள். ஆபீஸ் கணக்கு ஓடும், வேறு நிறுவனக் கணக்கு நின்றுவிடும். சொந்தக் கணக்கை நிறுத்த, பெர்சனல் ஒன்டிரைவ் கணக்குகளின் சின்க்கைத் தடுக்கும் தனிப் பாலிசியையும் எனேபிள் செய்யுங்கள்.

டிராப்பாக்ஸுக்கும் கூகுள் டிரைவுக்கும் விண்டோஸில் இப்படித் தயார் பாலிசி கிடையாது. "யாருக்கும் அட்மின் உரிமை இல்லையே, எப்படி இன்ஸ்டால் செய்வார்கள்" என்று நம்பியிருக்காதீர்கள், டிராப்பாக்ஸ் அந்த உரிமை இல்லாமலே யூசரின் சொந்த ஆப்டேட்டா (AppData) ஃபோல்டருக்குள் உட்கார்ந்துகொள்ளும். இங்கேதான் ஆப்லாக்கர் வேண்டும், எந்த புரோகிராம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று ரூல் போடும் விண்டோஸ் வசதி அது. முதலில் டிஃபால்ட் ரூல்களை உருவாக்குங்கள், அது இல்லாமல் ரூல் போட்டால் விண்டோஸின் சொந்த புரோகிராம்களே நின்றுபோகும். அப்புறம் பப்ளிஷர் வகையில், அதாவது மென்பொருளில் கையெழுத்திட்ட நிறுவனத்தை வைத்து, ஒரு டினை (தடுக்கும்) ரூல். கூகுள் டிரைவுக்குப் போடும்போது ரூல் உருவாக்கும் திரையில் வரும் ஸ்லைடரை பிராடக்ட் நேம் மட்டத்தில் வையுங்கள். பப்ளிஷர் மட்டத்தில் விட்டால் கூகுள் கையெழுத்திட்ட எல்லாமே, குரோம் உட்பட, அடைபடும்.

உடனே என்ஃபோர்ஸ் செய்யாமல் ஒரு வாரம் ஆடிட் ஒன்லியில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) ஓட்டுங்கள். டிஃபால்ட் ரூல்கள் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களை மட்டுமே அனுமதிப்பதால், ஆப்டேட்டாவில் இருக்கும் நல்ல மென்பொருளும் சிக்கும். ஈவென்ட் வியூவரில் 8003 என்று வருபவை எல்லாம் நாளை தடைபடப் போகிறவை, அவற்றைப் பார்த்துத் தேவையானவற்றுக்கு அனுமதி கொடுங்கள். அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடாத மெஷினில் எந்த ரூலும் வேலை செய்யாது, அதை ஆட்டோமேட்டிக்கில் வைக்கவும்.

பிரவுசர் வழி இன்னும் திறந்தே இருக்கும். குரோம், எட்ஜ் இரண்டிலும் யூஆர்எல் பிளாக்லிஸ்ட் பாலிசி உண்டு, அந்தத் தளங்களின் முகவரியைச் சேர்த்தால் போதும். பயர்ஃபாக்ஸ் இருந்தால் அதற்குத் தனியாக.

சோதனை மெஷினை ரீஸ்டார்ட் செய்து, ஜிபிரிசல்ட் (gpresult) கமாண்டை ஓட்டி உங்கள் ஜிபிஓ பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மற்ற ஓயுக்களுக்கு ஒவ்வொன்றாக விரிவாக்குங்கள், அதற்கு இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் மெயில் போடுங்கள். வாடிக்கையாளருக்குப் பெரிய ஃபைல் அனுப்ப இனி என்ன வழி என்பதை அந்த மெயிலிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் அன்று மாலையே அது யாரோ ஒருவரின் சொந்த வாட்ஸ்அப்பில் போகும்.