லிஃப்ட் சிலிண்டர் பழுது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணிமனைகளில் வாகனத்தைத் தூக்கும் லிஃப்டுகளின் ஹைட்ராலிக் சிலிண்டர் வேலைக்குப் புதிதாக வருபவர்களைக் கவனிக்கும்போது, நாங்கள் வேலை பழகிய நாட்களில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருவதைக் காண்கிறேன். வாகனத்தை இறக்காமல் ஹோஸைக் கழற்றக் கூடாது, மெக்கானிக்கல் லாக்கில் உட்காராத லிஃப்டின் அடியில் நிற்கக் கூடாது என்பவற்றை எந்தப் பணிமனையிலும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ஆகவே, யாரும் சொல்லித்தராமல் விட்டுப்போகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

லிஃப்ட் தானாக இறங்கினால் சிலிண்டர்தான் காரணம் என்று முடிவுகட்டுவது

ஏற்றி நிறுத்திய லிஃப்ட் மெல்ல மெல்ல இறங்கினால் பலரும் உடனே சிலிண்டரைக் கழற்றத் தொடங்குகிறார்கள். பணிமனை லிஃப்டுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் ஆயில் அழுத்தம் பெறும் சிலிண்டர்களே இருக்கும். பிஸ்டனின் மறுபக்கம் காற்றுத் துளை வழியாகவோ திரும்பு குழாய் வழியாகவோ திறந்திருக்கும். பிஸ்டன் சீல், அதாவது பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம், கசிந்தால் ஆயில் அந்தப் பக்கமாக வந்தே தீரும். அங்கே ஆயில் இல்லை, வெளியிலும் ஒரு சொட்டு இல்லை, ஆனாலும் லிஃப்ட் இறங்குகிறது என்றால், பம்ப் யூனிட்டில் உள்ள, ஆயிலை ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வையோ இறக்கும் வால்வையோ தாண்டித்தான் ஆயில் டாங்குக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. வால்வு உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குத் தூசு சிக்கினாலே இது நடக்கும். அதைக் கழற்றிச் சுத்தம் செய்வது சிறிய வேலை. சிலிண்டரை இறக்கி ஏற்றுவது அப்படியல்ல.

பழைய சீல் ஏன் போனது என்று கேட்காமல் புதிய சீலைப் போடுவது

இந்த ஒரு தவறைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. ஏனென்றால், இதைச் செய்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். கவனமாகக் கழற்றி, சரியான அளவில் சீல் வாங்கி, சுத்தமாகப் பூட்டுகிறார்கள். அந்த உழைப்பு முழுவதும் சில வாரங்களில் வீணாகிவிடுகிறது.

கத்தரிபோல் மடிந்து விரியும் ஒரு சிசர் லிஃப்டில், சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் ராடைச் சுற்றியிருக்கும் ராடு சீல் கசிந்தது. இளம் மெக்கானிக் ஒருவர் சீலை மாற்றினார், மறுபடியும் கசிந்தது. சீல் மட்டமான தயாரிப்பு என்று வேறு நிறுவனத்தின் சீலை வாங்கிப் போட்டார்; அதுவும் நிற்கவில்லை. கடைசியில் சிலிண்டரையே மாற்றிவிடலாம் என்ற நிலையில் என்னை அழைத்தார்கள். கழற்றிய பழைய சீல்களைக் கேட்டு வாங்கி வரிசையாக வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் உதடு, அதாவது ராடைத் தொட்டு ஆயிலைத் தடுக்கும் விளிம்பு, ஒரே பக்கத்தில் தேய்ந்திருந்தது. ராடு வெளிவரும் முனையின் மூடியான கிளாண்டின் உட்புறமும் அதே பக்கம் பளபளத்துக் கிடந்தது. சிலிண்டரின் அடியை லிஃப்டோடு இணைக்கும் பின் (pin) கிரீஸ் காணாமல் புஷ்ஷுக்குள் இறுகியிருந்ததால், லிஃப்ட் ஏறும்போது சிலிண்டர் தன் இயல்புக்குச் சாய முடியாமல், ராடின் மேல் பக்கவாட்டு பாரம் விழுந்துகொண்டிருந்தது. முதல் முறையே பின்னை அசைத்துப் பார்த்திருந்தால் ஒரு புஷ்ஷும் ஒரு சீலும் போதுமாயிருந்திருக்கும். நான் பார்க்கும்போது ராடின் குரோம் பூச்சும் கிளாண்டும் கெட்டு, செலவு பல மடங்காகியிருந்தது. அந்தப் புதிய சிலிண்டரை வாங்கிப் பொருத்தியிருந்தால் அதுவும் அதே இடத்தில் தேய்ந்திருக்கும்.

கழற்றிய சீலைக் குப்பையில் போடுவதற்கு முன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கெட்டியாகி வெடித்திருந்தால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. நீளவாக்கில் கீறல்கள் இருந்தால் ஆயிலில் மணலோ உலோகத் தூளோ கலந்திருக்கிறது, அல்லது ராடே கீறல்பட்டிருக்கிறது. உப்பிக் கொழகொழத்திருந்தால் ஒவ்வாத திரவம் ஊற்றப்பட்டிருக்கிறது; ஜாக்கில் பிரேக் ஆயிலை ஊற்றும் பழக்கத்தால் நைட்ரைல் சீல்கள் இப்படித்தான் சாகின்றன. சீலின் பின்விளிம்பு நெரிந்து பிய்ந்திருந்தால் கிளாண்டுக்கும் ராடுக்கும் இடையே இடைவெளி அகன்றிருக்கிறது, அல்லது அழுத்தம் வரம்பைத் தாண்டியிருக்கிறது.

அடுத்து ராடு. அதன் மேலுள்ள கடின குரோம் பூச்சு பெரும்பாலும் 20 முதல் 30 மைக்ரான் கனம்தான் இருக்கும். நகத்தை ராடின் மேல் ஓட்டும்போது எங்கேனும் தட்டினால், அந்த ராடில் எந்தச் சீலும் நீடிக்காது. துருக்குழியை எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். குழியின் விளிம்பு மட்டும் அப்படியே இருந்து, ஒவ்வோர் ஏற்றத்திலும் புதிய உதட்டை அரிந்துகொண்டிருக்கும். நீளவாக்கில் தேய்ப்பது இன்னும் கெடுதல். அந்தக் கோடுகள் ஒவ்வொன்றும் ஆயில் வெளியேறும் வாய்க்காலாகிவிடும். குழி விழுந்த ராடை மறுபடி குரோம் பூசிக் கிரைண்ட் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். ராடை இரண்டு வி-பிளாக்குகளின் மேல் வைத்து, டயல் கேஜ் தொட உருட்டி, வளைவு உண்டா என்று பார்ப்பதையும் விடக் கூடாது. சிலிண்டர் குழாயான பேரலின் உட்புறத்துக்கும் இதே கண்டிப்பு பொருந்தும்.

சீலைத் திருப்பிப் போடுவது

உதடு, அழுத்தம் வரும் பக்கம் பார்க்க வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்ரசர் காற்றால் பிஸ்டனை வெளியே தள்ளுவது

வேண்டவே வேண்டாம். இறுகியிருக்கும் பிஸ்டன் விடுபடும் கணத்தில் குண்டுபோலப் பாயும்.

கசிவைக் கையால் தடவித் தேடுவது

ஊசித்துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படும். அட்டைத் துண்டால் தேடுங்கள்.

பெரிய சிலிண்டர் போட்டால் நல்லது என்று நினைப்பது

50 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் சுமார் 3 டன் தூக்கும். அதே இடத்தில் 63 மில்லிமீட்டர் சிலிண்டரைப் பொருத்தினால், அழுத்தத்துக்கு வரம்பு வைக்கும் ரிலீஃப் வால்வைத் தொடாமலேயே அது சுமார் 4.8 டன் வரை தள்ளும். ஆனால் தூணும் கையும் பின்னும் வெல்டும் பழைய பாரத்துக்காகச் செய்யப்பட்டவை. ஆயிலும் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படுவதால், ஏற்றம் மெதுவாகி, உச்சிக்கு அருகே டாங்க் வறண்டு பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கும். சிறிய சிலிண்டரைப் போட்டுவிட்டு ரிலீஃப் வால்வைத் திருகி ஏற்றுவது இதைவிட மோசம். உள்விட்டம், ராடு விட்டம், ஸ்ட்ரோக், மூடிய நீளம், பின் அளவு ஆகிய எல்லாமும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

பழைய சிலிண்டரின் வாயில் இருந்த வால்வைத் தூக்கி எறிவது

பல லிஃப்டுகளில் ஹோஸ் வெடித்தால் ஆயிலை அடைத்து நிறுத்தும் சிறு வால்வோ, இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் துளைத் தகடோ சிலிண்டரின் வாயிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண இணைப்பு போலவே இருப்பதால், பழைய சிலிண்டரோடு சேர்ந்து இரும்புக் குவியலுக்குப் போய்விடுகிறது. அது இல்லாமலும் லிஃப்ட் வழக்கம்போல ஏறி இறங்கும்; ஹோஸ் வெடிக்கும் நாளில்தான் அது இல்லாதது தெரியும். அதைத் தேடி எடுத்து, சுத்தம் செய்து, ஆயில் ஓடும் திசை பார்த்து மீண்டும் பூட்ட வேண்டும்.

மரை ஏறுகிறது, ஆகவே சரி என்பது

குழாய் இணைப்புகளின் மரைக்கு பி.எஸ்.பி., என்.பி.டி. என இரண்டு தர வகைகள் உண்டு; அரை அங்குல அளவில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைகள். ஆனால் மரைக் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60. ஏறும், பிறகு கசியும்.

காற்றை வெளியேற்றாமல் பாரம் ஏற்றுவது

சிலிண்டருக்குள் காற்று தங்கினால் லிஃப்ட் துள்ளித் துள்ளி ஏறும். எதிர்பாராமல் சற்றே அமிழும். வாகனம் இல்லாமல் பல முறை முழுமையாக ஏற்றி இறக்கி, ஏற்றம் சீரான பிறகே பாரம் வைக்க வேண்டும். அதன்பின் லிஃப்ட் அடிவரை இறங்கிய நிலையில் டாங்கின் ஆயில் மட்டத்தைப் பார்த்து நிரப்புங்கள். ஏற்றிய நிலையில் நிரப்பினால், இறக்கும்போது அத்தனை ஆயிலும் டாங்கிலிருந்து வழிந்துவிடும்.