வண்டி கைமாறியது, ஆர்.சி. மாறவில்லை: தவிர்க்க வேண்டிய வாகனச் சட்டத் தவறுகள்

பழைய பைக்கை விற்கும்போது பணத்தை இரண்டு முறை எண்ணி வாங்குவோம். ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரும் தேதியும் காலியாக இருக்கும்போதே புரோக்கர் கையில் கொடுத்துவிடுவோம். வண்டி நான்கு கை மாறி, ஐந்தாவது ஆள் யாரையாவது இடித்தால் சம்மன் முதல் ஆள் வீட்டுக்குத்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30)-ஆம் பிரிவுப்படி, பொதுவாக ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: கார் எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கே. முத்திரைத்தாளில் எழுதிய விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையில் பயன்படும்; அடிபட்டவரிடம் அதைக் காட்டித் தப்ப முடியாது.

ஆகவே படிவங்களை முழுதாக நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவரின் அடையாள அட்டை நகலும், வண்டி ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதிய ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியென்றால், கடன் முடிந்தாலும் படிவம் 35-உம் வங்கியின் தடையில்லாச் சான்றும் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கிப் பெயரை நீக்காமல் பெயர் மாற்றம் நகராது. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் கொடுத்தால் படிவம் 29சி மூலம் ஒப்படைப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதைத் தட்டிக்கழிக்கும் டீலரிடம் வண்டியை விடாமல் இருப்பதே நல்லது.

வாங்குபவர் செய்யும் தவறு வேறு. இன்சூரன்ஸ் இன்னும் எட்டு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். 157-ஆம் பிரிவுப்படி தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான (தேர்டு பார்ட்டி, அதாவது வண்டியால் அடிபடும் வெளியாளுக்கான) காப்பு மட்டுமே. 14 நாட்களுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால், வண்டிக்கு ஏற்படும் சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் கிளெய்ம் நிற்காது. கிளெய்ம் இல்லாததற்கான போனஸ் (பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

இன்னொன்று பலருக்குத் தெரிவதே இல்லை. டூவீலருக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்திருந்தால், பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கோ நண்பருக்கோ அதில் காப்பு கிடையாது. 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முழுக்காப்பு பாலிசி எடுத்திருந்தால் அவர்களும் அடங்குவர். சில ஆயிரம் மிச்சம் பிடிக்க தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்பவர்கள், அப்படியானால் தனியே வண்டி ஓட்டுபவர்களாக இருக்க வேண்டும்.

லைசென்ஸ் காலாவதியானால் முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது இல்லை. காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடியும் ஓட்டிக்காட்ட வேண்டும். இடைப்பட்ட நாளில் விபத்து நடந்தால் சொந்தச் சேத கிளெய்மை நிறுவனம் மறுக்கும். அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையையும் உங்களிடம் வசூலிக்க வழி தேடும். கியர் இல்லாத வண்டிக்கு வாங்கிய லைசென்ஸில் கியர் பைக் ஓட்டினாலும் இதே சிக்கல்தான்.

பத்தாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுப்பதற்குத் தண்டனை வெறும் அபராதமல்ல. 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

குடித்துவிட்டு ஓட்டியவர் ஊதிக்காட்ட மறுத்தால் தப்பலாம் என்பது தவறான நம்பிக்கை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பையே அவருக்கு எதிராக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

விபத்தில் உயிர் போனால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 106(1) பாயும், ஐந்தாண்டு வரை சிறை, ஆனால் ஜாமீனில் வரக்கூடிய குற்றம். சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது 106(2). லாரி ஓட்டுநர்கள் போராடிய பின், 2024 ஜூலை 1-இல் மற்ற பிரிவுகள் வந்தபோது அதை மட்டும் நிறுத்திவைத்தார்கள். அதற்காக ஓடலாம் என்று பொருளல்ல. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்யவும் போலீசுக்குச் சொல்லவும் 134-ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கூட்டம் அடிக்க வந்தால் அந்த இடத்தில் நிற்க வேண்டியதில்லை. நேராகக் காவல் நிலையம் போங்கள், 24 மணி நேரம் தாண்டக் கூடாது. பிறகு கோர்ட்டில், "ஆயிரம் ரூபாய்தானே, ஒத்துக்கொண்டு கட்டிவிடுங்கள்" என்று யாரோ சொல்வதைக் கேட்டு உடனே தலையாட்டாதீர்கள். அந்த ஒப்புதலை இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாக வைப்பார்கள். முதலில் வக்கீலைக் கேளுங்கள்.

அடிபட்டவர் பக்கம் நடக்கும் தவறு ஆஸ்பத்திரியிலேயே தொடங்குகிறது. போலீஸ் அலைச்சல் வேண்டாமென்று "தானாக வழுக்கி விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொன்னால், விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும். பின்னால் வழக்குப் போடும்போது இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். எந்த வண்டி மோதியது, எண் தெரிந்தால் எண், எந்த இடம் என்று சொல்லிப் பதியச் செய்யுங்கள். சம்பவ இடத்தில் ஐயாயிரத்தை வாங்கிக்கொண்டு எஃப்.ஐ.ஆர். வேண்டாம் என்று வந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து எலும்பு கூடவில்லை என்று தெரிந்தால் பிடிக்க ஆளிருக்காது. இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்துள்ள காலம் விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் மத்திய அரசுத் திட்டம் உண்டு; அதற்கும் எஃப்.ஐ.ஆர். நகல் வேண்டும்.