மயக்கத்தைச் சொல்லும் ஆங்கிலம்: பிரிட்டன் செல்லும் செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதிக்குச் செவிலியர்களைத் தயார்செய்கிறேன். பாடத்தில் 'அன்கான்ஷியஸ்' என்று படித்து வருகிறார்கள். வார்டில் படுத்திருப்பவர் அப்படியா பேசுவார்? 'பாஸ்டு அவுட்' என்றால் அங்கே பட்டம் வாங்கியது அல்ல, மயங்கியது என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அதை விடுகிறேன்.

'பிளாக்டு அவுட்' என்றதும் மயக்கம் என்று எழுதுவது

ஒவ்வொரு குழுவிலும் இது நடக்கிறது, ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. நோயாளியாக நடிக்கும் நான், "நேற்று நிறையக் குடித்தேன், பிளாக்டு அவுட்" என்கிறேன். மாணவி தலையாட்டிவிட்டு, 'நினைவிழந்தார்' என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். நான் நினைவிழக்கவே இல்லை, சிஸ்டர்! நடந்து வீடு வந்து, பூட்டைத் திறந்து, மனைவியோடு சண்டையும் போட்டிருக்கிறேன். காலையில் எதுவும் ஞாபகமில்லை, அவ்வளவுதான்.

மதுவோடு சேர்த்துச் சொன்னால் அது பெரும்பாலும் ஞாபக இடைவெளி. ஆள் விழித்துத்தான் இருப்பார். மூளை புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கத் தவறியிருக்கும். சொட்டு மதுவும் தொடாத ஒருவர், சமையலறையில் நின்றபோது 'பிளாக்டு அவுட்' என்றால், பெரும்பாலும் உண்மையாகவே மயங்கி விழுந்திருப்பார். இதயமா, ரத்த அழுத்தமா, வலிப்பா என்று பார்க்க வேண்டும். ஈசிஜி எடுக்க வேண்டும். குடித்தவரும் மயங்கி விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம் என்பதால், ஊகிக்கவே கூடாது. "விழுந்தீர்களா, அல்லது நடந்தது ஞாபகமில்லையா? யாராவது பார்த்தார்களா?" இதைக் கேட்க அரை நிமிடம் போதும். கேட்காமல் எழுதிய சொல் அடுத்த ஷிப்டுக்கும் அப்படியே போகும்.

'டெட் டு த வேர்ல்ட்' என்றதும் பதறுவது

அசந்து தூங்குகிறார்.

'அவுட் கோல்ட்' என்றதும் போர்வை தேடுவது

குளிருக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சுமூச்சற்றுக் கிடக்கிறார். உறவினர் இப்படிச் சொல்லலாம். செவிலியர் அவர்களிடம் சொல்வது மரியாதையல்ல.

'ஃபன்னி டர்ன்' என்றதும் சிரிப்பது

பிரிட்டிஷ் முதியவர்கள் விரும்பிச் சொல்வது. திடீரென்று ஒரு மாதிரியாகிவிட்டது என்று பொருள். தலைசுற்றலாக இருக்கலாம், மயக்கமாகவும் இருக்கலாம். அவர் வேடிக்கைபோலத்தான் சொல்வார். நீங்கள் விவரம் கேளுங்கள்.

'கேம் டு' என்றதும் "எங்கே?" என்பது

எங்கேயும் இல்லை, நினைவு திரும்பியது. வாக்கியம் அங்கேயே முடிகிறது, 'டு' அழுத்தமாக ஒலிக்க வேண்டும். 'கேம் ரவுண்ட்' என்றாலும் இதுவே.

மரபுத்தொடரைப் பதிவேட்டில் ஏற்றுவது

நோயாளியின் சொல்லாக மேற்கோளுக்குள் எழுதலாம். உங்கள் கணிப்புக்கு, நினைவுநிலையை அளக்கும், 1974-இல் வெளியான கிளாஸ்கோ கோமா அளவுகோல் இருக்கிறது: 3 முதல் 15 வரை, மதிப்பிட்டுக் கிடைக்கும் எண்ணை எழுதுங்கள்.