வீட்டுக்குள் புகையைக் குறைப்பது எப்படி? முதலில் அந்தக் கொசுவர்த்தியை அணையுங்கள்

அடுப்பங்கரையில் வரமிளகாய் தாளித்தால் கூடத்தில் டிவி பார்க்கிறவர் இருமுகிறாரா? உங்கள் வீட்டில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. நெடி வந்த வழியாகத்தான் கண்ணுக்குத் தெரியாத மற்றதும் வருகிறது.

அந்த மற்றதில் முக்கியமானது பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் இருக்கும் துகள். தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். மூக்கில் சிக்காமல் நுரையீரலின் அடி வரை இறங்கி, ரத்தத்திலும் கலந்துவிடும் என்பதால் ஆஸ்துமா, சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) இவற்றோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதற்குப் பங்கு உண்டு. ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், இந்தியாவின் வரம்பு 60. வீட்டுக்குள் வரும் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, பெரும்பாலும் விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் அடுப்புப் புகை.

சரி, வேலைக்கு வருவோம். புகை உண்டாவதை நிறுத்துவது முதல் வேலை, உண்டானதை வெளியே தள்ளுவது அடுத்தது, மெஷின் வாங்குவது கடைசி. நிறைய பேர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

முதலில் கொசுவர்த்தி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ராத்திரி இருமல் வந்தால் "பனி ஒத்துக்கலை" என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலேயே சுருளைக் கொளுத்தி வைத்து, கொசு வருமே என்று ஜன்னலையும் சாத்திவிட்டுப் படுப்போம். ஒரு சுருள் முழுசாக எரிந்தால் வரும் பிஎம் 2.5 அளவு 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு வந்தது. சிகரெட்டைத் தொடாத மனிதர் பக்கத்தில் அதை வைத்துவிட்டுப் பனியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள், அதுதான் நிரந்தரத் தீர்வு. வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால் வெல்க்ரோ ஒட்டும் வலை இருக்கிறது, இல்லாவிட்டால் கட்டிலுக்குக் கொசுவலை. பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தினால் உள்ளே வரும் கொசு குறையும், டெங்கு கொசு மட்டும் பகலில் கடிக்கிற ஜாதி என்பதால் தேங்கிய தண்ணீரையும் பார்க்கணும். சுருள் இல்லாமல் முடியவே முடியாது என்றால் ஆள் இல்லாத அறையில் கொளுத்தி, தூங்கப் போவதற்கு முன்பே அணைத்து, புகை போகும்வரை திறந்து வைத்துவிட்டு அப்புறம் படுங்கள். பிளக்கில் சொருகும் லிக்விடில் புகை இல்லை, ஆனால் அதுவும் பூச்சி மருந்துதான், மூடின அறையில் விடிய விடிய ஓட வேண்டாம்.

அடுத்தது சமையலறை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் புகை போகவில்லை என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை மறந்திருப்பார்கள்: வெளியே போகிற காற்றுக்குப் பதிலாக உள்ளே காற்று வரணும். ஃபேனுக்கு ஒட்டின ஜன்னலைத் திறந்தால் அந்தக் காற்றையே இழுத்து வெளியே விட்டுவிடும், அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது, அதனால் எதிர்ப்பக்கத்துக் கதவையோ ஜன்னலையோ திறங்கள். டிஷ்யூ காகிதத்தை ஃபேன் முன்னால் பிடித்துப் பாருங்கள், இழுக்கவில்லை என்றால் பிசுக்கு ஏறியிருக்கிறது, கழற்றிக் கழுவணும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே போட்டு, சமையல் முடிந்தும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். சிம்னி வாங்குகிறவர்கள் குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள், குழாய் இல்லாத சிம்னி எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் பிடித்துவிட்டு மிச்சத்தை உங்கள் முகத்துக்கே திருப்பி விடும். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையை ஊசியால் குத்தி எடுங்கள், நீலமாக வரணும். விறகடுப்பில் வெந்நீர் போடும் வீடுகளில் பால் கவரை வைத்துப் பற்றவைக்கும் பழக்கத்தை இன்றோடு விடச் சொல்லுங்கள், தேங்காய்ச் சிரட்டையோ காய்ந்த மட்டையோ போதும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் மட்டும் அதை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். கேஸ் சரியாக எரியாதபோது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும், தலை சுற்றுகிறது என்று உணர்வதற்குள் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. கீசரை வெளியே மாட்டுங்கள், அல்லது மின்சாரக் கீசருக்கு மாறுங்கள்.

சாம்பிராணி, ஊதுவத்தி பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும், தெரியும். நிறுத்த வேண்டாம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வத்தி போதும் என்று பேரம் பேசுங்கள். ஆனால் குளிப்பாட்டின கைக்குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவதை விட்டுவிடலாம், துண்டால் துடைத்தாலே தலை காயும்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிராக்கும், படுக்கும் முன் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துக் கக்கூஸ் கழுவாதீர்கள், குளோரின் வாயு வரும். மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சை வந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் கசிவு எங்கே என்று தேடுங்கள்.

மணிபிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும் என்பது 1989இல் நாசா மூடின பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பின கதை, வீட்டில் அது பலிக்க அறை முழுக்கக் காடு வளர்க்கணும். அழகுக்கு வையுங்கள். காற்றைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருக்கிறதா, உங்கள் அறை அளவுக்குப் போதுமா என்று பாருங்கள், ஓசோன் விடும் மாடல் வேண்டாம், கார்பன் மோனாக்சைடை இது எதுவும் எடுக்காது.

ஊருக்குப் போனால் இருமல் நிற்கிறது, வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் திரும்ப ஆரம்பிக்கிறது என்றால் அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். என்ன அடுப்பு, ராத்திரி என்ன கொளுத்துகிறீர்கள் என்பதையும் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.